பன்னிரண்டு நிமிஷப் படுக்கை

காசு கொடுத்துத் தோலைக் கறுக்க வைத்துக்கொள்கிறவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு நாற்பத்தோரு வயதில்தான் தெரிந்தது. தெரிந்தபோது நான் ஆரணியில் ஒரு பியூட்டி பார்லரின் பின்னறையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பார்லர்காரி நின்றிருந்தாள். பன்னிரண்டாவது வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஒரு வாரமாக அந்த மெஷினுக்குள் படுத்துப் படுத்து எழுந்ததில், அவள் முகம் வெயிலில் நெல் காய வைக்கிறவர்கள் முகம் மாதிரி ஆகியிருந்தது.

சென்னையில் ஏதோ ஓட்டலில் ஹெல்த் கிளப்பை மூடியபோது வந்த பழைய மெஷின் அது. மினி வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆறு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரை ஆள் நீளத்துக்கு இழுத்துவிட்டது மாதிரி இருக்கும். மூடியைத் தூக்கினால் மேலும் கீழும் வரிசையாக டியூப் லைட்டுகள். நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. அதில்தான் படுக்க வேண்டும். "ஸ்கின்னுக்கான பெட், வெளிநாட்டுச் சரக்கு" என்று விற்ற ஆள் சொன்னானாம். ஸ்கின்னுக்கு என்றால் எதற்கு என்று இவள் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் தோலுக்கென்று ஒரு பொருள் விற்றால் அது வெளுக்க வைக்கிற பொருள்தான். க்ரீம், சோப்பு, மாத்திரை, ஊசி எல்லாமே அதற்குத்தான். கறுக்க வைக்க ஒருத்தன் மெஷின் செய்வான் என்று யாருக்குத் தோன்றும்?

"இன்னாடி இது, தினம் பத்து நிமிஷம் படுத்துகினுதான் இருக்கேன். வெளுக்கவே இல்ல. கறுத்துகினே போறேன்" என்று அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "நீதான் வேலூர்ல லைட் வச்சிக்கிறியே, வந்து பாரு."

அதைச் சொல்ல வேண்டும். எனக்கு வெண்புள்ளி. வலது கை ஆள்காட்டி விரலில் தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. ஏனென்றால் என் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. நிறம் சேர்க்கும்போது நானும் கூட நிற்பேன். என் விரல்கள் எப்போதும் நீலமாகவோ அரக்காகவோ இருக்கும். ஒரு பொங்கல் சமயம் பட்டறை நாலு நாள் மூடிக் கிடந்தது. கையில் இருந்த சாயம் எல்லாம் போயிற்று. அப்போதுதான் விரல் நுனியில் அந்த வெள்ளையைப் பார்த்தேன். ப்ளீச்சிங் பவுடர் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது மணிக்கட்டுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. பிறகு உதட்டோரத்துக்கு வந்து உட்கார்ந்தது.

விரலோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். ஆனால் தினமும் காலை பதினோரு மணிக்கு நான் போன் முன்னால் நின்று லைவில் புடவை காட்டுகிறவள். ஐந்து வருஷமாக அதுதான் என் வேலை. எனக்கென்று, வீட்டுக்காரர் பெயரில்லாமல், ஊர் பேர் தெரியாத பெண்கள் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிற ஒரு இடம். முந்தானையைப் பிடித்துக் காட்டினால் கை தெரியும். பேசினால் உதடு தெரியும். ஒரு நாள் ஒருத்தி, "அக்கா அந்தப் பச்சைப் புடவை சூப்பர், ஆனா கிளவுஸ் போட்டுக் காட்டுங்க" என்று எழுதினாள். கீழே பத்துப் பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்தப் போனுக்கு முன்னால் இனி நான் நிற்க முடியுமா முடியாதா, அது ஒன்றுதான் அன்றிலிருந்து என் கவலை.

வேலூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அங்கே பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே நிற்க வேண்டும். கதவைச் சாத்தினால் நாலு பக்கமும் டியூப் எரியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் எவ்வளவு நேரம் தெரியுமா? இருபது விநாடி. கண்ணாடியைச் சரியாக மாட்டி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. நான் மெஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். இதற்காகவா கண்ணமங்கலம் வழியாக நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தோம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் சில விநாடிதான் கூட்டுவோம், மாசக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டரம்மா.

"இன்னும் கொஞ்சம் கூட வச்சா ஜல்தியா வருமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"வராதும்மா. வெந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்று மாதம் போனேன். மணிக்கட்டில், வெள்ளைக்கு நடுவில், கடுகு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஏழு புள்ளி. மயிர்க்கால் ஒவ்வொன்றிலிருந்தும் நிறம் இப்படித்தான் முளைத்து வரும், நல்ல அறிகுறி என்றார் டாக்டரம்மா. நான் தினமும் அந்த ஏழையும் எண்ணுவேன். எட்டாவது வரவே இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

இந்த நிலையில்தான் பார்லரின் பின்னறையில் நான் ஸ்டிக்கரைப் படித்தேன். பாதி இங்கிலீஷ், பாதி வேறு ஏதோ பாஷை. போனைக் காட்டி மொழிபெயர்க்க வைத்தேன். 'இந்தச் சாதனம் தோலைக் கறுக்கச் செய்வதற்கானது' என்று வந்தது. போன்தான் உளறுகிறது என்று மறுபடி காட்டினேன். மறுபடியும் அதேதான் வந்தது.

"கறுக்கச் செய்யறதுக்கா? யாரை?" என்றாள் அவள்.

"படுக்கறவங்களை."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொள்ளப் போகிற ஒரு பெண்ணுக்கு இந்தப் படுக்கையில் ஐந்து நாள் படுக்க வைத்து வெளுப்பாக்குவதாக அவள் பேசி வைத்திருந்தாள். அந்தப் பெண் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. "அய்யோ, கல்யாணப் பொண்ணுடி, கல்யாணப் பொண்ணுடி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பார்லர் கதவைச் சாத்திவிட்டுப் போனில் வீடியோ பார்த்தோம். பார்க்கப் பார்க்க எங்களுக்குத் தலை சுற்றியது. இதற்கென்றே கடைகள். அதில் வகை வகையாகப் படுக்கைகள். எங்கள் முன்னால் இருந்தது சாதாரண வகை, டியூப் லைட் வைத்தது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் படுக்க வேண்டும். நின்றுகொண்டே கறுத்துக்கொள்ள ஒரு கூண்டு இருக்கிறது, அதில் கைக்குப் பிடி தொங்குகிறது, நேரம் கொஞ்சம் குறைவு. இன்னொன்று குண்டு குண்டாகப் பலமான விளக்கு வைத்தது, விலை உயர்ந்தது. அதில் ஆழமாக நிறம் ஏறுமாம், அடிக்கடி போகத் தேவையில்லையாம். ஒரு வெள்ளைக்காரி மூக்கின் மேல் இத்தனூண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு சிரித்தபடி மூடியை இழுத்து மூடிக்கொள்கிறாள். வெளியே வரும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் பிறந்த பெண்ணை அவள் அம்மாவே குறை சொல்வாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஸ்டிக்கரில் ஒரு அட்டவணையும் இருந்தது. தோலை ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் முதல் நாள் எத்தனை நிமிஷம், பிறகு எத்தனை நிமிஷம் என்று எழுதியிருந்தது. முதல் வகை, பால் மாதிரி வெளுத்த தோல், வெயில் பட்டால் எரியும், கறுக்கவே கறுக்காது. அதற்கு நேராக நிமிஷமே இல்லை, பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. அவளுக்காக அதை நானே உரக்கப் படித்தேன். ஐந்தாவது வகை, பழுப்புத் தோல். முதல் நாள் ஆறு நிமிஷம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பன்னிரண்டு வரை போகலாம். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இரண்டு நாள் விட வேண்டும்.

"நம்ம கலர் அஞ்சாவதுடி" என்றாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளைக்காரிகள் கறுக்கிற கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவருக்கு ஒரே கேள்விதான். "எவ்ளோ நேரம்?" என்றார். சொன்னேன். "வேலூர்ல?" என்றார். விநாடிக் கணக்கைச் சொன்னேன்.

அவர் பட்டறை வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசினால் பிடிக்காது. பிறகு சொன்னார்: "நூல்ல திட்டு விழுந்தா நாம இன்னா செய்வோம்? புதுசாவா சாயம் போடறோம்? திரும்பத் தொட்டியில போட்டு, கொதி குறையாம நேரத்தைக் கூட்டி, திருப்பிகினே இருப்போம். அடர்த்தியா இருக்கிற எடத்துலருந்து வெளுத்த எடத்துக்குத் தானா நகர்ந்து வந்துடும். சமமாயிடும். அந்தம்மா இருவது விநாடி, முப்பது விநாடின்னு முக்கி முக்கி எடுத்துகினு இருக்காங்க. எப்படி ஏறும்?"

இதைக் கேட்டு நான் அசந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக எனக்குப் புரியாத ஒன்றை இவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புரிய வைத்துவிட்டார் என்று இருந்தது. நிறத்தைப் பற்றி இந்த ஊரில் இவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. எந்த வியாபாரி எந்தச் சாம்பிள் துண்டைக் கொண்டுவந்தாலும், காலை பத்து மணி வெளிச்சத்தில் வாசலில் பிடித்துப் பார்த்து, நிறம் அரை இழை குறைந்தாலும் குறைகிறது என்று சொல்லிவிடுவார். தான் போட்ட சாயமே சரியில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் நான் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

மறுநாள் காலையில் நானும் வீட்டுக்காரரும் பார்லருக்குப் போனோம். தோழி முதலில் வேண்டாம் என்றாள். "டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்றாள். "அவங்க இன்னா சொல்வாங்கன்னு தெரியும்" என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். ஆறு நிமிஷம். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. விளக்கின் நீல வெளிச்சம் மூடிய கண்ணுக்குள்ளும் தெரிந்தது. ஃபேன் சத்தம். முதுகுக்கும் மார்புக்கும் ஒரே சமயத்தில் சூடு படுவது சுகமாகக்கூட இருந்தது. வெளியே வந்ததும் அவர் என்னைச் சன்னல் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தார். "ஒண்ணும் ஏறலை" என்றார்.

இரண்டு நாள் விட வேண்டும் என்று எழுதியிருப்பதை நான் ஞாபகப்படுத்தினேன். என்மேல் பழி வரக் கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை. நான் சொன்னது ஒப்புக்குத்தான். "பாதியில சூடு ஆற விட்டா திட்டு அங்கியே நிலைச்சிடும்மே" என்றார் அவர். நூலுக்கு அது உண்மைதான். மறுநாளே போனோம். அன்றைக்கு நேரம் வைக்கிற குமிழைத் திருப்பியது அவர். பன்னிரண்டில் நிறுத்தினார். தடுக்கவேண்டிய நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

மத்தியானம் வரைக்கும் ஒன்றுமில்லை. நாலு மணிக்கு மணிக்கட்டைப் பார்த்தேன். வெள்ளை இல்லை! அந்த இடம் ரோஜா நிறத்தில் இருந்தது. உதட்டோரமும் அப்படியே. நான் போட்ட கூச்சலில் அவர் கைச்சாயத்தோடு பட்டறையிலிருந்து ஓடி வந்தார். கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிடிச்சிகிச்சி. பாத்தியா, பிடிச்சிகிச்சி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இருபது வருஷத்தில் நான் பார்க்காத சந்தோஷம். தெருமுனைக் கடையிலிருந்து அல்வா வாங்கிவந்தார். எரிகிறது என்று சொன்னேன். சாயம் ஏறும்போது எரியத்தான் செய்யும் என்று நானே சொல்லிக்கொண்டு அந்த அல்வாவைச் சாப்பிட்டேன்.

காலையில் எழுந்தபோது என்னால் கையை மடக்க முடியவில்லை. மணிக்கட்டில் கொப்புளம். கழுத்தில் கொப்புளம். உதடு ஒரு பக்கம் வீங்கித் தொங்கியது. முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் விட்டு விட்டு அதை எடுத்தார். "இன்னாங்க? இன்னாங்க ஆச்சி?" என்று கேட்டேன். அவர் செருப்பைத் தேடப் போனார். ஆட்டோ பிடித்தே வேலூர் போனோம்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மெஷினைப் பற்றி, அட்டவணையைப் பற்றி, ஐந்தாவது வகையைப் பற்றி எல்லாம் நான்தான் சொன்னேன். டாக்டரம்மா நடுவில் நிறுத்தினார்.

"அந்த அட்டவணையில முதல் வகைக்கு எத்தனை நிமிஷம் போட்டிருந்துச்சி?"

"அவங்க பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருந்துச்சிங்க."

"உங்க வெள்ளை இருக்கிற இடத்துல நிறமே கிடையாதும்மா. அந்த இடம் எல்லாம் முதல் வகை. நீங்க அஞ்சாவது வகைக்கு நேரம் பார்த்து, முதல் வகைத் தோலைக் கொண்டுபோய் உள்ள வச்சிருக்கீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே உரக்கப் படித்த வரி! என் வாயால் படித்தேன், என் தோலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரியாமல் படித்தேன். ஒரே உடம்பில் இரண்டு வகைத் தோல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலூர்ப் பெட்டியில் ஏன் இருபது விநாடி வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த இருபது விநாடியும் வெள்ளைக்காக வைத்த நேரம். அந்தப் பெட்டியில் இருப்பதும் இந்தப் படுக்கையில் இருப்பதும் ஒரே வெளிச்சம்கூட இல்லையாம். தோலில் புற்றுநோய் வருகிறது என்று சில நாடுகளில் இந்தப் படுக்கைக்குத் தடையே போட்டிருக்கிறார்களாம். அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூலில் நிறம் நகர்கிற மாதிரி தோலில் நகராதா என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா அவரைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த நோய்ல, தோல்ல காயம் பட்ட இடத்துல புதுசா வெள்ளை வரலாங்க. முதுகை அவங்களால பார்க்க முடியாது. தினம் மருந்து தடவும்போது நீங்க பாருங்க. புதுசா எதுனா தெரிஞ்சா ஒரு நாள் கூட வச்சிக்காதீங்க, உடனே கூட்டிகினு வாங்க. ஆரம்பத்துல மருந்து கொடுத்தா நிறுத்திடலாம்." அவர் தலையை ஆட்டினார்.

தோழி அந்தக் கல்யாணப் பெண்ணிடம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். படுக்கையின் மேல் பெட்ஷீட் போட்டுத் துண்டு அடுக்கி வைத்தாள். என்னைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கேள் என்று சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, எல்லாம் அடங்க மூன்று வாரம் ஆயிற்று. அடங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். சுற்றியிருந்த நல்ல தோல் நன்றாகக் கறுத்திருந்தது. மெஷின் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் என் வெள்ளை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மணிக்கட்டைப் பார்த்தேன். ஏழு புள்ளியில் ஒன்றுகூட இல்லை.

தினமும் காலையில் குளித்ததும் அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். மருந்து தடவுவார். சாயம் போடுகிற கை, சொரசொரப்பாக இருந்தாலும் பதமாகத் தடவும். "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா ஆறிகினு வருது" என்பார். "புதுசா எதுனா?" என்பேன். "ஒண்ணும் இல்லமே. சமமா இருக்கு" என்பார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். முன்னால் எப்படியோ, பின்னால் ஒழுங்காக இருக்கிறதே என்று ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் நாலாவது வாரம் மறுபடி லைவில் நின்றேன். கிளவுஸ் போடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று போனை மாட்டிவிட்டு, மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் புடவையை எடுத்துத் தோளில் போட்டு, திரும்பி நின்று முந்தானையைக் காட்டி, அரை மணி நேரம் பேசினேன். யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

எந்தப் புடவையை யார் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ள, லைவ் முடிந்ததும் நான் அதைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். நான் திரும்பி நின்ற இடம் வந்தது. ஜாக்கெட் கழுத்துக்கு மேலே, இரண்டு தோளுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. பக்கத்தில் இன்னொன்று. போனில் ஏதோ வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று நிறுத்திப் பெரிதாக்கினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் வெள்ளை இருந்ததில்லை. முந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற பெண்கள் எனக்கு முன்னால் என் முதுகைப் பார்த்துவிட்டார்கள்.

பட்டறைக்குப் போனேன். அவர் தொட்டியில் நூல் கழியைக் கோலால் திருப்பிக்கொண்டிருந்தார். போனை முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. புதிதாக ஒன்றைப் பார்க்கிறவர் முகம் இல்லை அது.

"எத்தினி நாளா தெரியும்?"

அவர் கோலைக் கீழே வைத்தார். "பதினோரு நாளா" என்றார்.

"ஒரு நாள் கூட வச்சிக்காதீங்கன்னு அந்தம்மா சொன்னாங்களே."

"நான்தானேமே குமிழைத் திருப்பினேன்" என்றார். "உங்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குச் சமமாயிடும், நாளைக்குச் சமமாயிடும்னு பாத்துகினே இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. கையில் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துச் சுவரில் அடித்தேன். ஊர் பேர் தெரியாத வியாபாரிக்கு அரை இழை குறைந்தால்கூடச் சொல்கிற மனுஷன், என் முதுகைத் தடவிக்கொண்டே பதினோரு காலை பொய் சொல்லியிருக்கிறார். கிளவுஸ் போடச் சொன்னவள் எனக்கு யாரோ. அவள் சொன்னது இவ்வளவு வலிக்கவில்லை. "நான் நூலா? தொட்டியில போட்டுப் பாத்துகினு இருக்கறதுக்கு நான் நூலா?" என்று கத்தினேன். அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை வேலூருக்குப் பஸ்ஸில் போவதாக முடிவு. குளித்துவிட்டு வந்தேன். வேறு யாரையாவது கூப்பிட்டு மருந்து தடவச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இனி கேட்கப் போவதும் இல்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அவர் வாசல் கதவை முழுக்கத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். பின்னால் வந்து உட்கார்ந்தார். விரல் ஒரு இடத்தில் பட்டது. அங்கேயே நின்றது.

"அஞ்சு எடம்" என்றார். "ஒண்ணு உள்ளங்கை அகலம். ரெண்டு, ஒரு ரூபா அளவு. ஒண்ணு அதுல பாதி." விரல் இடுப்புப் பக்கமாக இறங்கியது. "இது நேத்து இல்ல. இன்னிக்குத்தான் வந்திருக்கு."